ஏழாவது தீர்மானம்

கிராம சபைப் பந்தலில் ஏழாவது தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் அமுதவல்லி வாசித்து முடிப்பதற்குள் நாச்சிமுத்து எழுந்துவிட்டார்.

நாமக்கல் போகிற நாலுவழிச் சாலை அந்த ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. நடுத்திட்டில் ஓரிடத்தில் மட்டும் வண்டிகள் குறுக்கே போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது கிராஸிங். அதை அடைத்துவிடச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுவது என்பதுதான் தீர்மானம். அடைத்துவிட்டால் இரண்டு கிலோமீட்டர் தெற்கே போய், பாலத்துக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் திரும்பி வர வேண்டும்.

கொண்டுவந்தது ஊராட்சித் தலைவர் தெய்வநாயகி. நாச்சிமுத்துவுக்கு அது போதும்.

அவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தெய்வநாயகியின் கட்சிக்கு நேர் எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். அந்தம்மா பொழுது விடிந்துவிட்டது என்று சொன்னால், வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தும் ஒத்துக்கொள்ளாத மனுசன்.

"ஏனுங்க தலைவரே, பாலத்துக்குப் பக்கத்துல இருக்கற பெட்ரோல் பங்க் ஆருதுங்க? உங்க தம்பியோடதுதானுங்க? ஊரே அந்த வழியாச் சுத்திப் போனா ஆருக்குங்க லாபம்?"

பந்தலே சிரித்தது.

தெய்வநாயகி சிரிக்கவில்லை. "என்ற தம்பியோட பங்க்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா ஆடி மாசம் அந்தக் கிராஸிங்குல செத்துப்போன சடையன் உங்க கட்சிக்காரருங்க."

பந்தல் கப்பென்று அடங்கியது. சடையன் பால் கேனோடு சாலையின் நடுவில் காத்து நின்றவர். லாரிக்காரன் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் அது மூன்றாவது சாவு. கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியது நாச்சிமுத்துதான்.

"செத்தவரு பேரச் சொல்லி அரசியல் பண்றீங்களா?" பின்வரிசையிலிருந்து மதன் கத்தினான். மதன் நாச்சிமுத்துவின் வலது கை.

கைதட்டல் எழுந்தது. அதைக் கேட்டதும் நாச்சிமுத்து மறுபடி பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் சுற்றி வந்தால் எவ்வளவு நேரம் ஆகும், கரும்பு வண்டிக்காரன் என்ன செய்வான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதற்காக நாலு கிலோமீட்டர் கூடுதலாக மிதிக்க வேண்டும் என்று பிளந்துகட்டினார். அத்தனையும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கை தூக்கச் சொன்னார்கள். அடைக்க வேண்டும் என்று நாற்பத்தொரு கை. வேண்டாம் என்று அறுபத்து மூன்று.

"அண்ணா, சாய்ச்சுப்போட்டீங்க!" மதன் தன் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டான். நாச்சிமுத்துவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பதிவேட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் கனிஷ்காவைக் கூப்பிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். அப்பா பேசுவதைப் பார்க்கவென்றே வந்திருந்தாள். ஆனால் அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்க்காமலே வந்து வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வீடு சாலைக்கு அந்தப் பக்கம். புறப்பட்ட இரண்டாவது நிமிடத்தில் கிராஸிங் வந்துவிட்டது.

நாச்சிமுத்து அங்கே திரும்பவில்லை. சர்வீஸ் ரோட்டிலேயே தெற்கே விட்டார்.

சடையனைத் துணியில் கூட்டி எடுத்த நாளிலிருந்து அவர் இப்படித்தான் போய்வருகிறார். கனிஷ்காவும் சைக்கிளில் பாலத்தடியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். மீறினால் சைக்கிள் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறார். கிராஸிங்கை அடைக்க வேண்டுமென்று தெய்வநாயகி ஊரெல்லாம் சொல்லிவருவதால், கட்சிக்காரர்கள் கண்ணில் மட்டும் பட்டுவிடக்கூடாது. அதற்காகவே ஆள் நடமாட்டம் பார்த்து வண்டியை எடுப்பார். இன்றைக்குத் தோளில் துண்டு விழுந்த சந்தோசத்தில் அது மறந்துவிட்டது.

பாலத்தடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. வண்டியை மெதுவாக்கினார். பின்னால் ஹாரன் கேட்டது.

மதன். முன்னால் குழந்தை, பின்னால் மனைவி.

நாச்சிமுத்துவைக் கண்டதும் மதன் தண்ணீரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னொரு வண்டி. அதற்கும் பின்னால் வரிசையாக இன்னும் ஆறு. எல்லாம் சற்றுமுன் இவர் பேச்சுக்குக் கை தூக்கியவர்கள். மற்ற நாளில் ஆளுக்கொரு நேரத்தில் வந்துபோயிருப்பார்கள். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒன்பது வண்டிகள் பாலத்துக்கு அடியில் உறுமிக்கொண்டு நின்றன.

"ஏனுங்கப்பா, அப்ப கிராஸிங்குல போறது ஆருங்க?" என்றாள் கனிஷ்கா.

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, தன் மகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஊரான் பிள்ளையை அந்த இடைவெளியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறோமே என்று பயமாக இருந்தது.

அமுதவல்லி மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி முடிக்க இன்னும் அரை மணியாவது ஆகும். இப்போதே திரும்பினால் பதிவேட்டை மூடுவதற்குள் போய்விடலாம். ஆனால் தெய்வநாயகியின் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அந்தம்மா ஆட்கள் சிரிப்பார்கள். தேர்தல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் வண்டியைத் திருப்பி மதனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"திருப்பு சாமி வண்டிய. அந்தத் தீர்மானத்த இன்னொருக்கா படிக்கச் சொல்லோணும்."

மதன் அப்போதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவிதான், திருப்பச் சொல்லி அவன் தோளைத் தட்டினாள்.