கிளி கொடுத்த புகார்

தன் பொந்தை அகலப்படுத்த மரங்கொத்தியை வேலைக்கு வைத்தது கிளி. இரண்டே நாளில் வாசல் வட்டமாக, வழவழப்பாக வந்துவிட்டது. ஆனால் பார்க்க வந்த பறவைகளெல்லாம் பக்கத்துப் பொந்து மைனாவைத்தான் புகழ்ந்தன.

"பத்து நாளா தானே கொத்திக் கொத்திச் செஞ்சிருக்கா, பாரேன்!"

அந்தக் கோணல் வாசலுக்கா இவ்வளவு பாராட்டு? கிளிக்கு வயிறு எரிந்தது. நேரே காட்டு அதிகாரி ஆந்தையிடம் பறந்தது.

"ஐயா, மைனா அனுமதியே இல்லாம மரத்தைக் குடைஞ்சிட்டா."

ஆந்தை விசாரிக்க வந்தது. மைனா, முத்திரை பதித்த அனுமதி இலையை எடுத்து நீட்டியது. அதை இரண்டு முறை படித்த ஆந்தை, கிளியின் பக்கம் திரும்பியது.

"இங்கே எல்லாம் சரியா இருக்கு. வந்தது வந்தேன், உன் மரங்கொத்தியோட உரிமத்தையும் காட்டு. இல்லேன்னா பொந்தை மூடிடணும்."

மரங்கொத்தி எந்தத் திசையில் போனது என்றுகூடக் கிளிக்குத் தெரியாது. அன்று மாலையே அந்த வழவழப்பான வாசலை அடைக்க அது சேறு சுமக்கத் தொடங்கியது.