குச்சி பிரித்த புறாக்கள்

என் மகளோடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்வந்த வருஷம், ஜெபக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது ரெஜினா அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

புங்க மரத்துப் புறா ஜோடி இரண்டும் இனிமேல் சேர்ந்து வாழ முடியாது என்று முடிவெடுத்து, கூட்டைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தன. உள்ளே இறகு முளைக்காத குஞ்சு இருந்தது.

"இந்த வேப்பங்குச்சி நான் கொண்டுவந்தது" என்று பெண் புறா உருவியது.

"எடுத்துக்கோ. அந்த ஈர்க்கு என்னோடது. முள்ளுக்குச்சி உங்கம்மா குடுத்த சீர், மறந்துடாதே" என்றது ஆண் புறா.

"ஆமா, குத்துறதெல்லாம் எங்க வீட்டுச் சீர்தான் உனக்கு!"

"பிள்ளை யாருக்கு?"

"எனக்குத்தான்!"

"அதெப்படி? எனக்குத்தான்!"

பேசிக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் உருவின. குஞ்சின் கால் கூட்டுக்குக் கீழே தொங்கியது.

"யார் வேணும்னாலும் என்னை வச்சுக்கோங்க. இப்ப நான் எதுமேல உக்காரட்டும்?" என்று குஞ்சு அழுதது.

இரண்டும் உருவிய குச்சிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகின.

பிறகும் அவை சேரவில்லை. ஆளுக்கொரு மரம் பார்த்துக்கொண்டன. கூடு குஞ்சுக்கென்று இருந்தது. முட்டையாக இருந்தபோது அடைகாத்த மாதிரியே பகலில் அப்பா வரும், பொழுது சாய்ந்தால் அம்மா வரும்.

"மத்தியானம் சரியா இரை எடுக்கல."

"சரி, நான் பார்த்துக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு.

அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட ஏதாவது கொடுங்கள். அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.