கருங்கழுகு போட்ட கையெழுத்து

"போன நாவல்ல மந்திரி மகனையே தூக்கிட்டீங்களே சார்! இதுல யாரு?"

புத்தகக் கடையில் கூடியிருந்த முப்பது பேரும் கை தட்டினார்கள். எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அவருடைய கதாநாயகன் கருங்கழுகு, கோர்ட் விட்டுவிட்ட குற்றவாளிகளைத் தேடிப் பிடித்துத் தீர்த்துக்கட்டுகிறவன். இதுவரை பதினான்கு நாவல், அறுபத்திரண்டு பிணம். பதினைந்தாவது நாவல் அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது.

"கேஸெல்லாம் ஏன் தோத்துப்போகுது?" எழுத்தாளர் மைக்கை இழுத்துக்கொண்டார். "கண்ணால பார்த்தவன் வாயைத் திறக்கறதில்லை. 'நமக்கெதுக்குய்யா வம்பு'ன்னு கதவைச் சாத்திக்கறான். குத்தம் பண்ணினவனை விட இவன்தான் பெரிய குத்தவாளி. இந்தப் புத்தகத்துல கருங்கழுகு முதல்ல தூக்கப்போறது அவனைத்தான்!"

விசில் பறந்தது.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. நடுவில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, தோளில் பை, முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க புத்தகம் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன் சார். படிச்சா அன்னிக்குத் தூக்கமே கிடையாது."

"அப்படியா!" எழுத்தாளர் அவள் நீட்டிய புத்தகத்தில் இரண்டு வரி கூடுதலாகவே எழுதினார்.

"இதுலயும் ஒண்ணு போட்டுடுங்களேன்." மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். "தேதியும் போடுங்க சார். புனைபேர் வேணாம், சொந்தப் பேரையே போட்டுடுங்க. புண்ணியமாப் போகும்."

ரசிகர்களில் எத்தனையோ ரகம். ஒருமுறை ஒருவன் மாவுக்கட்டைக் காட்டி அதன்மேல் கையெழுத்து வாங்கிப்போயிருக்கிறான். எழுத்தாளர் வளைத்து நெளித்துப் போட்டார்.

அவள் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு."

"எனக்கா?" பிரித்தார். தலைப்பில் முத்திரை.

"சம்மன் சார். அதை வாங்கிக்கிட்டதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. நான் கோர்ட் ஊழியர். திங்கட்கிழமை பத்தரைக்கு வந்துடுங்க. பேப்பர் போடற பொண்ணு மேல கார் ஏத்தின கேஸ். நீங்க இந்தத் தடவையும் வரலேன்னா கேஸை மூடிடுவாங்க."

எழுத்தாளரின் பேனா கீழே உருண்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது. பால்கனியில் நின்றவர் கண்ணெதிரே அந்தக் கார் பேப்பர் போடும் பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். போலீஸில் வாக்குமூலமும் கொடுத்தார். அதுவரை எல்லாம் தங்கம். கார்க்காரன் பெரிய புள்ளி என்று தெரிந்த பிறகுதான் பின்வாங்கினார். சம்மன் வரும்போதெல்லாம் மனைவி வாசலில் "வெளியூர் போயிருக்காரே" என்பாள். இவர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"திங்கட்கிழமை எனக்கு ஒரு..." என்று இழுத்தார்.

"கோர்ட்லயா சார்? நீங்களே சாட்சி சொல்லப் போறீங்களா?" வரிசையில் நின்ற ஒருவர் குதித்தார். "டேய், திங்கட்கிழமை லீவு போடுங்கடா! சாரைப் பார்க்க எல்லாரும் போறோம்!"

மறுபடியும் விசில். எழுத்தாளர் தேள் கொட்டிய திருடன் மாதிரி சிரித்துவைத்தார்.

திங்கட்கிழமை கூண்டில் ஏறினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை மேலே தள்ளினார். "நீங்க கதை எழுதறவர்தானே? இதுவும் கதைதானா?"

எழுத்தாளர் எதிரே பார்த்தார். முதல் பெஞ்சில் அந்தப் பேப்பர் போடும் பெண், ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"கதைன்னா கார்க்காரரை மூணாவது அத்தியாயத்துலயே கொன்னிருப்பேன் சார்," என்றார். "இது நிஜம். அதனால கார் நம்பரை மட்டும் சொல்றேன்." சொன்னார்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

பதினொரு நிமிடம். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் தீர்ப்பு. கார்க்காரன் தலையைக் குனிந்துகொண்டு ஜெயிலுக்குப் போனான். சம்மன் இல்லாமலே வந்திருந்த எழுத்தாளரின் கையைப் பிடித்து அந்தப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அறுபத்திரண்டு பேரைக் கொன்றபோது கிடைக்காத ஏதோ ஒன்று அன்று அவருக்குக் கிடைத்தது.

படியிறங்கும்போது கோர்ட் ஊழியர் எதிரே வந்தாள்.

"பலே ஆளும்மா நீங்க! ரசிகை மாதிரி வந்து கையெழுத்து வாங்கிட்டீங்களே! இப்படி ஒரு ஐடியா எனக்கே தோணினதில்லை."

"ஐயோ, நான் உங்க புத்தகம் ஒண்ணுகூடப் படிச்சதில்லை சார்!" என்று சிரித்தாள் அவள். "கடைசித் தடவை வந்தப்போ, 'வெளியூர் போயிருக்காரே'ன்னு உள்ள கேக்கற மாதிரி கத்திக்கிட்டே உங்க வீட்டம்மாதான் என் கையில ஒரு சீட்டைத் திணிச்சாங்க. கடை பேர், நாள், நேரம் எல்லாம் எழுதி, கீழே, 'ரெண்டு வார்த்தை புகழ்ந்துட்டு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவார்'னு!"