வெள்ளைக்காரப் பாட்டுக்கு வந்தவள்

கும்மிடிப்பூண்டியில் வெளிநாட்டு ராக் கச்சேரி நடக்கும் மைதானம். அங்காளம்மாளின் பையிலிருந்த பால் பாட்டிலை வெளியே எடுத்தான் செக்யூரிட்டி பைசல்.

"தண்ணிகூட உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர்க்கா. இங்கிலீஷ் பாட்டுக்கு வந்துட்டு பால் எதுக்கு?"

"எம் புள்ளைக்குப்பா."

"கைக்கொழந்தையவா உள்ள வுட்டுட்டு வந்துகிற?"

"மேடை கட்ற வேலை அவனுக்கு. கப்பல்ல மேடைய கொண்டாந்தா கட்டுப்படியாவாதுன்னு இங்கியே ஆள் வெச்சு கட்டுனாங்க."

"வேலைக்குப் போற ஆளுக்குப் பாலா? செல்லந்தான்." பைசலுக்குச் சிரிப்பு வந்தது. "நாளைக்கு எடுத்துக்கினு வா."

"நாளைக்கு மேடைய பிரிச்சிடுவாங்களே."

"பிரிச்சா இன்னா? புள்ள ஊட்டுக்குத்தானே வரப்போறான்?"

அவள் தூரத்தில் நின்ற இரும்புக் கம்பங்களைப் பார்த்தாள்.

"முந்தாநாள் அங்கேர்ந்துதாம்பா வுழுந்தான். பொதைச்ச எடத்துல காலையில அவங்கப்பா பால் ஊத்திட்டாரு. உசுரு போன எடத்துல நான் ஊத்தணும். கச்சேரிய ஒரு நாள் தள்ளி வைங்கன்னு கேட்டுப் பாத்தேன். பிளேனை வாடகைக்கு எடுத்து வந்துகிறாங்களாம், தள்ளுனா பெரிய நஷ்டமாம். பாலுக்கும் இன்னிக்குத்தாம்பா நாளு."

பைசல் பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்து, கேட்டைத் திறந்துவிட்டான். உள்ளே கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.