அழ அனுமதி

மாலை நான்கு மணிக்குக் கணவர் ஈரத் தலையோடு வந்து நின்றதுமே தவமணிக்குப் புரிந்துவிட்டது. காலையில் குளித்த மனிதர் மறுபடியும் தலைமுழுகினால் எங்கோ இழவு விழுந்திருக்கிறது.

"யாரு?" என்றாள்.

செண்பகராமன் கைபேசியைப் பார்த்தார். தவமணியின் தோலுக்கடியில் இருக்கும் கருவி, நின்றுபோன அவள் இதயத்தை இரண்டு முறை ஷாக் கொடுத்து ஓட வைத்திருக்கிறது. அவளுக்கு வரும் துக்கச் செய்திகளைத் தடுத்து, கணவரின் கைபேசிக்குத் திருப்பிவிடுவதும் அதுதான்.

"எங்கண்ணனா?"

அவர் தலைகுனிந்தார். அவள் நெஞ்சுக்குள் கருவி பீப் என்றது.

"நாளைக்கு மெல்லச் சொல்லணும்னு இதுல போட்டிருக்கு. நீ அழுது துடிப்பு ஏறினா ஷாக் அடிச்சிருமாம்."

"நாளைக்கு அண்ணன் மண்ணுக்குள்ள இருப்பான். அடிச்சா அடிக்கட்டும். கூடப்பொறந்தவனுக்கு அழ அதுகிட்ட அனுமதி கேக்கணுமா? வண்டிய எடுங்க."

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் காலடியில் உட்கார்ந்து தவமணி ஒப்பாரி எடுத்தாள். மூன்றாவது வரியில் ஷாக் அடித்தது. உடம்பு தூக்கிப்போட, சாய்ந்தாள். பெண்கள் பதறி விலக, செண்பகராமன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"போதும் தவமணி, வா போயிருவோம்."

அவள் கண்ணைத் திறந்தாள். மூச்சு சீராகும்வரை அவர் மேலேயே சாய்ந்திருந்தாள். பிறகு அவர் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது வேலைய அது பாத்திருச்சு. என் வேலைய நான் பாக்கேன்" என்றவள், மூன்றாவது வரியை முதலிலிருந்து எடுத்தாள்.