அஷேரின் தாய்

அந்த யூத ஜெபக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் நோயாளிகளுக்காக ஜெபிப்பார்கள். நோயாளியின் பெயரோடு தாயின் பெயரையும் சொல்ல வேண்டும். எசேக்கியேல் தன் சிறுநீரகக் கல் ஏழு மில்லிமீட்டர் என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்தவர் நிசிம். மகன் மனநல மருத்துவமனையில் இருப்பதை மறைத்து, வெளிநாட்டில் வேலை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"அஷேர்," என்றவர் மாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "லேயாவின் மகன்."

"உங்க பையன் பேருதான் போல," என்றார் எசேக்கியேல்.

"ஆமா. இவன் தூரத்துச் சொந்தம்."

ஜெபக்கூடத்தின் குருவான ரபி ஜெபித்தார். எல்லோரும் ஆமேன் சொன்னார்கள். மாடியில், பெண்கள் பகுதியில், நிசிமின் மனைவி செபோரா எழுந்தாள்.

"தாய் பேரு தப்பு ரபி. அவனைப் பெத்தது நான்."

ரபி நிசிமிடமே திரும்பினார். "பேரைச் சரியாச் சொல்லுங்க."

நிசிம் ஜெபச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். "அஷேர். செபோராவின் மகன்."