இரண்டு பேருக்கான வீடு

போன்சே நகர வீட்டுவசதி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது நெரெய்தா தன் தம்பி எர்மினியோவின் பெயரைச் சேர்க்கவில்லை. குடிகாரன் பெயர் இருந்தால் வீடு கிடைக்காது என்று பயந்தாள். "முதல்ல எனக்குக் கிடைக்கட்டும்டா, அப்புறம் நீ வந்துடு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். இரண்டாம் வருடம் பேருந்து நிலைய பெஞ்சில் படுத்தவன் அங்கேயே இறந்துபோனான்.

ஆறாம் வருடம் வீடு ஒதுக்கினார்கள். தாளில் இரண்டு பேர் என்று இருந்தது.

"நான் ஒருத்திதானே சார்?"

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "உங்க தம்பி போன வாரம் நேர்ல வந்து பேரைச் சேர்த்துட்டுப் போனாரேம்மா. ஒரு சாவியும் அப்பவே வாங்கிட்டாரு."

கையெழுத்து அவனுடையதுதான். அவன் செத்துப்போனதைச் சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடியும் அவனை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"சரிதான் சார், ரெண்டு பேர்தான்" என்று கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் மாடி ஏறி, கையில் சாவி இருந்தும் கதவைத் தட்டினாள்.

"பாத்து வாக்கா" என்றது உள்ளிருந்து எர்மினியோவின் குரல். "இப்பத்தான் தரையைத் துடைச்சேன், ஈரமா இருக்கு."